எட்டாயிரம் சுற்றும் ஒரே ஒரு சுற்றும்

மின்கிட்டாரை ஆம்ப்பில் செருகுங்கள். சுவிட்சைப் போட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, தந்திகளைத் தொடாமல் சும்மா இருங்கள். 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். சில வீடுகளில் கேட்டும் கேட்காமலும், சில வீடுகளில் பேச்சையே அமுக்கும் அளவுக்கு. யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் அது ஒரு சுருதிதான். என்ன சுருதி என்று கிட்டாரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கிட்டாரில் இருப்பதிலேயே தடித்தது ஆறாவது தந்தி. அதன் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் தந்தி விநாடிக்கு 98 முறை அதிரும். மேற்கத்திய இசையில் அது 'ஜி'. அந்த ஜியையும் ஆம்ப்பின் முனகலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலிருக்கும், ஆனால் முழுக்க ஒட்டாது. ஒலி விநாடிக்குச் சுமார் இரண்டு முறை பெருத்துப் பெருத்துச் சிறுக்கும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால், அவற்றுக்கு இடையே எத்தனை வித்தியாசமோ அத்தனை முறை ஒலி ஏறி இறங்கும். வித்தியாசம் 2 என்றால் முனகலின் அதிர்வெண் 100.

'96 ஆகவும் இருக்கலாமே?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சபாஷ். அழுத்திய தந்தியை விரலால் லேசாகப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியைத் துளி ஏற்றிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் மெதுவாகும். ஆகவே முனகல் தந்தியைவிட மேலே இருக்கிறது. 100தான்.

நம் வீட்டுச் சாக்கெட்டில் வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அதோடு அதன் இருமடங்கான 100, மும்மடங்கான 150 போன்ற அதிர்வுகளும் ஒட்டிக்கொண்டு வரும். கிட்டாருக்கான ஸ்பீக்கரால் 50 போன்ற அடிக்குரலைச் சரியாக எழுப்ப முடியாது. அதனால் 100ம் 150ம்தான் காதில் துலக்கமாக விழுகின்றன. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 முறை. அங்கே இதே முனகல் 120ல் வரும், அது எந்தச் சுரத்திலும் சரியாக உட்காராது.

ஆக, முனகுவது வீட்டு மின்சாரம். அது பாட்டுக்குள் எப்படி நுழைந்தது? அதற்கு முதலில் பாட்டு எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும். வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

கிட்டார் தந்திகளுக்குக் கீழே பட்டையாக ஒன்று இருக்கும். அதன் பெயர் பிக்கப். உள்ளே காந்தங்கள், அவற்றைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுத் தந்தியும் கொஞ்சம் காந்தமாகிவிடுகிறது. தந்தி அதிரும்போது கம்பிச்சுருளுக்குள் செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1831ல் கண்டுபிடித்தார். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. நைலான் தந்தி போட்டால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. நைலான் காந்தமாகாது அல்லவா!

பிக்கப் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிவோல்ட். இந்தச் சின்னச் சமிக்ஞையை ஆம்ப் பல மடங்கு பெருக்கித்தான் ஸ்பீக்கரை ஆட்டுகிறது.

இப்போது சிக்கல். அந்த 8,000 சுற்றுக் கம்பிக்குத் தந்தி எது, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. மாறும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ளும். மின்விசிறி, அடாப்டர், சுவருக்குள் ஓடும் ஒயர் எல்லாமே 50 முறை மாறும் காந்தப்புலத்தைப் பரப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. முனகல் நுழையும் முதல் வாசல் இது.

இந்த வாசலை அடைக்க ஓர் அருமையான தந்திரம் உண்டு. அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது அது. ஒரு சுருளுக்குப் பதில் அருகருகே இரண்டு சுருள்கள். ஒன்றின் இணைப்பு மற்றொன்றுக்கு நேர்எதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் ஒரே அளவில் விழுகிறது. எதிரெதிராக இணைத்திருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. 'அப்படியானால் பாட்டும் அழிந்துபோகுமே?' அங்கேதான் லவரின் சாமர்த்தியம். இரண்டாவது சுருளின் காந்தத்தையும் அவர் தலைகீழாக்கினார். தந்தியின் சமிக்ஞை மட்டும் இரண்டு முறை திரும்பி, பழையபடி நேராகி, ஒன்றோடு ஒன்று கூடிவிடுகிறது. இந்தப் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர். காப்புரிமை 1959ல்தான் கிடைத்தது. அதற்கு முன்பு செய்தவற்றின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டை ஒட்டி விற்றார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய பிக்கப்புகளுக்கு இன்று ஏகப்பட்ட கிராக்கி.

ஹம்பக்கர் போட்ட கிட்டாரிலும் சில நேரம் முனகல் கேட்கும். அப்போது முனகல் வேறு வாசல் வழியாக வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எந்த வாசல் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கிட்டாரில் உள்ள ஒலிக் குமிழைச் சுழியத்துக்குத் திருகுங்கள். முனகல் நின்றுவிட்டால் அது பிக்கப் வழியாக வந்தது. கிட்டாரைக் கையில் பிடித்தபடி மெல்லச் சுற்றித் திரும்பினால் அந்த முனகல் ஒரு திசையில் கூடி மற்றொரு திசையில் குறைவதையும் கேட்கலாம். மாறாக, குமிழைச் சுழியத்தில் வைத்த பிறகும் முனகல் அசையாமல் நின்றால், அது கிட்டாரைத் தாண்டி எங்கோ நுழைகிறது. அதிலும், இன்னொரு கருவியின் கேபிளைச் செருகியதும் முனகல் தொடங்குகிறது, பிடுங்கியதும் நிற்கிறது என்றால், ஆள் ஏறக்குறைய அகப்பட்ட மாதிரிதான். ஒலிக்காரர்கள் இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். நாம் எர்த் வளையம் என்போம்.

கிட்டார் கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை போலப் பின்னிய உறை. நடுக்கம்பி சமிக்ஞையைக் கொண்டுபோகிறது. வலை உறைக்கு இரண்டு வேலை. வெளித்தொல்லை உள்ளே வராமல் காப்பது ஒன்று. சமிக்ஞையை அளப்பதற்கான அடிமட்டமாக இருப்பது மற்றொன்று. ஏனென்றால் மின்னழுத்தம் என்பதே இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான். உறையிலிருந்து நடுக்கம்பி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதையே பாட்டு என்று எடுத்துக்கொள்கிறது ஆம்ப்.

பள்ளியில் உங்கள் உயரத்தை அளக்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கிறீர்கள். ஆனால் அளவுகோல் ஊன்றியிருக்கும் தரை மட்டும் மேலும் கீழும் போய்வருகிறது. அளப்பவருக்கு எப்படித் தோன்றும்? நீங்கள்தான் வளர்ந்து வளர்ந்து குறைகிறீர்கள் என்று எழுதிக்கொள்வார். உறை என்கிற தரை விநாடிக்கு 50 முறை ஆடினால், யாரோ கிட்டாரில் ஒரு சுருதி வாசிப்பதாகவே ஆம்ப் நினைத்துக்கொள்ளும்.

தரை ஏன் ஆடுகிறது?

ஒரு கிட்டார், ஒரு ஆம்ப் மட்டும் இருந்தால் எர்த் வளையம் உருவாக வழியே இல்லை. கிட்டாருக்குச் சுவரில் செருகும் ப்ளக் கிடையாதே! வாசிப்பவர் ஒலி அகலமாகக் கேட்கட்டும் என்று இரண்டு ஆம்ப் வைத்துக்கொள்ளும்போதுதான் வம்பு தொடங்கும். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் காலடியில் உள்ள ஒரு பெடலுக்குள் போகிறது. அங்கிருந்து இரண்டு கேபிள்களாகப் பிரிந்து இடதுபக்க ஆம்ப்புக்கும் வலதுபக்க ஆம்ப்புக்கும் போகிறது. இரண்டு ஆம்ப்களுக்கும் மூன்று முள் ப்ளக். மூன்றாவது முள் ஆம்ப்பின் உலோகக் கூட்டை எர்த்தோடு இணைக்கிறது. அந்தக் கூட்டோடுதான் கேபிளின் உறையும் இணைந்திருக்கிறது.

விரலால் வழியைத் தொடர்ந்து போங்கள். பெடலில் கிளம்பி, இடது கேபிளின் உறை வழியாக இடது ஆம்ப். அதன் ப்ளக் வழியாகச் சுவரின் எர்த் ஒயர். சுவருக்குள்ளேயே போய் வலது ஆம்ப்பின் ப்ளக். அங்கிருந்து வலது கேபிளின் உறை வழியாக மறுபடி பெடல். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம்! அறையின் பாதி அகலத்துக்கு ஒரு கம்பி வளையம்.

கம்பி வளையம் என்றால் என்ன? ஒரே ஒரு சுற்றுள்ள கம்பிச்சுருள். அதாவது, நீங்கள் கேட்காமலேயே அறைக்குள் ஒரு பிரம்மாண்டமான பிக்கப் செய்துவிட்டீர்கள். அதற்குள் மாறும் காந்தப்புலம் நுழைந்தால் ஃபாரடேயின் விதி சும்மா இருக்குமா?

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்காக ஒரு சின்னப் பெருக்கல். வளையத்தின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஆம்ப்களின் டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒயர்களும் பரப்பும் காந்தப்புலம் 1 மைக்ரோடெஸ்லா என்போம். அது எவ்வளவு என்றால், நம் ஊரில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆனால் பூமியின் புலம் மாறாமல் நிற்பதால் நம் வளையத்தை ஒன்றும் செய்யாது. இந்த 1 மைக்ரோடெஸ்லாவோ விநாடிக்கு 50 முறை மாறுகிறது. 2 × 3.14 × 50 × 0.000001 × 2 என்று பெருக்கினால் 0.000628 வோல்ட், அதாவது 0.6 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேலே. வளையம் முழுக்க வெறும் உலோகம், மின்தடை மிகக் குறைவு. ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், இந்தத் துளி மின்னழுத்தமே 6 மில்லியாம்பியர் மின்னோட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவைத்துவிடும். அது உறை வழியாக ஓடும்போது உறையின் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. தரை ஆடுகிறது.

100 மில்லிவோல்ட் பாட்டுக்கு நடுவே அரை மில்லிவோல்ட் முனகல் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். சாதாரண ஒலியில் அவ்வளவாகத் தெரியாதுதான். ராக் இசையின் கரகரப்புக்காக ஆம்ப்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் கதை மாறிவிடும். டிஸ்டார்ஷன் பெரிய சமிக்ஞையின் தலையை வெட்டிவிட்டு, சின்னச் சமிக்ஞையை நூறு மடங்குக்கும் மேலே தூக்கிவிடுகிறது. வாசிப்பை நிறுத்திய மறுகணம் முனகல் எழுந்து வந்து அறையை நிரப்பும்.

காந்தப்புலம் இல்லாமலும் தரை ஆடலாம். கணினி, குளிர்பெட்டி போன்றவற்றிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் எப்போதும் எர்த் ஒயருக்குள் கசிந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு சாக்கெட்டின் எர்த்தும் தூரத்தில் உள்ள இன்னொரு சாக்கெட்டின் எர்த்தும் அச்சு அசலாக ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் மைக் செட் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேடையில் உள்ள ஆம்ப்களுக்கு மேடையருகே மின்சாரம், கடைசி வரிசையில் உள்ள மிக்ஸருக்குப் பின்சுவர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் என்று எடுத்தால், மண்டபத்தின் நீளத்துக்கு ஒரு வளையம் விழுந்து, நாதஸ்வரம் தொடங்கும் முன்பே ஸ்பீக்கர்கள் முனகத் தொடங்கும். அனுபவமுள்ளவர்கள் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் இழுப்பார்கள்.

வீட்டிலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது அதுவே. இரண்டு ஆம்ப்களின் ப்ளக்குகளையும் பெரியவர் ஒருவரை அழைத்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடச் சொல்லுங்கள். எர்த் மட்ட வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். அடுத்து, இரண்டு ஆம்ப்களுக்கும் போகும் கேபிள்களை விரித்துப் போடாமல் ஒன்றையொன்று ஒட்டினாற்போலப் போடுங்கள். வளையத்தின் பரப்பு பாதியானால், நம் பெருக்கல் கணக்கின்படி அதில் எழும் மின்னழுத்தமும் பாதிதான். காசே செலவில்லாத வைத்தியம்!

இதற்கும் மசியாத முனகலை விரட்டக் கொஞ்சம் காசு செலவழிக்க வேண்டும். பிரிக்கும் பெடலுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாகப் பார்த்து வாங்குவார்கள். ஓர் உலோக உள்ளகத்தின் மேல் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றை ஒன்று தொடாது. முதல் சுருளுக்குள் பாட்டு வருகிறது, காந்தப்புலமாக மாறி உள்ளகத்துக்குள் பாய்கிறது, இரண்டாவது சுருளில் மறுபடி மின்னழுத்தமாகிறது. பாட்டு தாண்டிவிட்டது. ஆனால் இரு பக்க உறைகளுக்கும் நடுவே கம்பித் தொடர்பு இல்லை. வளையம் அறுந்துவிட்டது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே செய்து பார்த்ததும் இதைத்தான்: சுமார் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் இரும்பு வளையம், அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச்சுருள்கள். பிக்கப்பில் பாட்டைப் பிடித்துத் தந்த விதிதான் எர்த் வளையத்தில் முனகலைக் கொண்டுவந்தது. கடைசியில் அந்த முனகலுக்கு மருந்தும் அதே விதியிலிருந்துதான் கிடைத்தது.

மேடைகளில் டிஐ பாக்ஸ் என்று ஒரு சின்ன உலோகப் பெட்டி பார்த்திருப்பீர்கள். பலவற்றுக்குள்ளே இந்த மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கூடவே 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்சும் இருக்கும். அதைத் தள்ளினால் அந்த ஒலிக் கேபிளின் உறைத் தொடர்பு மட்டும் அறுபடும். சுவர் ப்ளக்கின் எர்த் தொடர்பு அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

ஏன் என்றால், இதைவிடச் சுலபமான ஒரு வழியை யாராவது உங்களுக்குச் சொல்லித்தரக்கூடும். 'ஒரு ஆம்ப்போட ப்ளக்குல எர்த் முள்ளைக் கழட்டிடு, ஹம் போயிடும்.' உண்மைதான், போய்விடும். வளையம் அங்கேயும் அறுந்துதான் போகிறது. பலன் கிடைக்கிற யோசனை என்பதால்தான் அது இத்தனை ஆபத்தானது.

எதற்கும் செருகாமல் சும்மா கிடக்கும் ஒரு மூன்று முள் ப்ளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முள் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் அதிகம். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆம்ப்பின் உள்ளே ஏதாவது பழுதாகி, 230 வோல்ட் ஒயர் உலோகக் கூட்டைத் தொட்டுவிட்டால், எர்த் முள் வழியாகப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும், அல்லது டிரிப்பர் விழுந்துவிடும். அந்த முள் இல்லையென்றால் கூடு 230 வோல்ட்டிலேயே நிற்கும். கூட்டிலிருந்து கேபிளின் உறை, உறையிலிருந்து கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், பிரிட்ஜிலிருந்து தந்திகள், தந்திகளிலிருந்து உங்கள் விரல். அந்த நிலையில் எர்த் உள்ள மைக் ஒன்றில் உதடு பட்டால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பாயும். பழுதும் விடுபட்ட எர்த்தும் மைக் பக்கம் இருந்தாலும் ஆபத்து இதேதான். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் செய்யப்படாத ஒரு மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். முனகலோடு வாசித்தாலும் வாசிக்கலாம்; எர்த் முள்ளில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் மேல் டேப் சுற்றுவதும், இரண்டு முள் அடாப்டரில் செருகுவதும் கழற்றுவதற்குச் சமம்தான்.

நல்ல மைக் செட்டுகளில் மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே போகும் நீளக் கேபிள்களில் மட்டும் முனகல் ஏன் இவ்வளவு குறைவு? அவற்றுக்குள் சமிக்ஞைக்கு இரண்டு கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கியபடி. உறை தனி. எதிர்முனையில் இருக்கும் கருவி அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். தரை ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும், வித்தியாசம் மாறாது. கிட்டார் ஜாக்கில் இருப்பதோ இரண்டே தொடுமுனைகள்: சமிக்ஞைக்கு ஒன்று, உறைக்கு ஒன்று. 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்த ஜாக் 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில், இணைப்புக் கொடுக்கும் பலகையில் செருகுவதற்காகப் பிறந்தது. நூறு வருடம் தாண்டியும் கிட்டார்க்காரர்கள் அதை விடவில்லை.

இரண்டு ஆம்ப் இல்லாதவர்கள் வீட்டிலும் எர்த் வளையம் வேறு உருவத்தில் வரும். வரிசையாக நாலைந்து பெடல் வைத்து, ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாக மின்சாரம் கொடுத்தால், பெடலுக்கும் பெடலுக்கும் நடுவே ஒலிக் கேபிளின் உறை ஒரு பாதை, அடாப்டர் ஒயர் இன்னொரு பாதை என்று குட்டிக் குட்டி வளையங்கள் கிடைக்கும். சந்தேகப்படும் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்து மின்சாரம் தரும் பவர் சப்ளை வாங்க அப்பாவையோ அம்மாவையோ நச்சரிக்க உங்களிடம் ஓர் அறிவியல் காரணம் தயார்.

பெடல் வளையத்தைவிட அதிகம் பார்ப்பது மடிக்கணினி வளையத்தை. கிட்டாரைப் பதிவு செய்ய ஒரு யுஎஸ்பி பெட்டி வழியாக மடிக்கணினியோடும், அங்கிருந்து ஸ்பீக்கரோடும் இணைத்திருப்பீர்கள். சார்ஜருக்கு ஓர் எர்த், ஸ்பீக்கருக்கு ஓர் எர்த், நடுவே கேபிள். வளையம் தயார். முனகலோடு 'கீய்ய்' என்று கணினியின் உள்வேலைச் சத்தமும் கலந்து வரும். மவுஸை நகர்த்தினால் அது மாறுவதைக்கூடச் சிலர் கேட்டிருப்பார்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். சட்டென்று நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பிறகு செய்ய வேண்டியது, பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு, அது தீர்வதற்குள் பாட்டைப் பிழையில்லாமல் வாசித்து முடிப்பது. அதற்கு ஃபாரடே உதவமாட்டார்.